கிளீன் டோன் வீட்டில் மணியாக ஒலிக்கிறது, பேண்டில் காணாமல் போகிறது: ஏன்?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். (கிளீன் டோன் என்றால், ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் கலக்காத சுத்தமான கிட்டார் ஒலி.) உங்களிடம் ஸ்குவையர் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று, 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள 50 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப், ஒலியை இரட்டித்து லேசாக அசைய வைக்கிற ஒரு கோரஸ் பெடல். பங்க் ராக்கும், அதிலிருந்து கிளைத்த உணர்ச்சி தூக்கலான ஈமோவும் வாசிக்கிற நான்கு பேர் பேண்ட். வீட்டில் ட்ரெபிள் (உச்ச ஒலி) 8, மிட் (நடு ஒலி) 3, பேஸ் (அடி ஒலி) 7, ரிவெர்ப் (அறை முழக்கம்) பாதி, கோரஸ் ஆன் என்று வைத்தால் கேட்கக் கேட்க இனிக்கிறது. ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூமில் ட்ரம்ஸும் இன்னொரு கிட்டாரின் டிஸ்டார்ஷனும் கிளம்பியதும் உங்கள் கிட்டார் எங்கே என்று உங்களுக்கே தெரியவில்லை. "கம்ப்ரஸர் வாங்கவா, ஆம்பையே மாற்றவா, கோரஸை விற்றுவிடவா" என்று கேட்டிருக்கிறீர்கள். (கம்ப்ரஸர் என்பது ஓங்கிய சுரத்தையும் மெல்லிய சுரத்தையும் சமன்படுத்துகிற பெடல்.) வாங்குவது விற்பது பற்றிய கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இதுதான்: தனியாக அழகாக இருக்கிற ஒலி கூட்டத்தில் ஏன் தொலைகிறது? அதற்குப் பதில் உண்டு. பெரும்பகுதி செலவில்லாத பதில்.

நான் 18 வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறேன், அதில் 9 வருஷம் சின்ன மேடைகளில் மிக்ஸருக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன். ஸ்டுடியோ எஞ்சினியர் இல்லை. அதனால் ஜாம் ரூம், மேடை பற்றி அடித்துச் சொல்வேன், ரெக்கார்டிங் என்று வரும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பேன். உங்கள் கிட்டாரையோ அறையையோ நான் கேட்டதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் தொடங்குவதற்கான இடம், அவ்வளவே.

நீங்கள் செய்திருப்பதை நானும் செய்திருக்கிறேன். கல்லூரி கடைசி வருஷம், ஒரு கல்ச்சுரல்ஸ் மேடை. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக ஹெட்ஃபோனில் உட்கார்ந்து செதுக்கிய டோன். பேஸ் தாராளமாக, மிட் கிட்டத்தட்ட பூஜ்யம், மேலே கண்ணாடி மாதிரி ட்ரெபிள். வாசித்து இறங்கி வந்தேன். பின்வரிசையில் நின்றிருந்த நண்பன் அக்கறையாகக் கேட்டான்: "மச்சான், ரெண்டாவது பாட்டுல உன் கேபிள் கழண்டுடுச்சா?" கழலவில்லை. முழுப் பாட்டும் வாசித்திருந்தேன்.

என்ன நடந்தது என்பது எளிய கணக்கு. கிட்டாரின் அடி ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் அடி ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கனமும் கிக் ட்ரம்மின் அடியும் சேர்ந்து சுமார் 250 ஹெர்ட்ஸ் வரை இடம் பிடித்துவிடும். பேஸ் நாபை 7-இல் வைத்து நீங்கள் ஏற்றுகிற ஒலி, ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் போய் உட்காரப் பார்க்கிறது. ட்ரெபிள் 8 என்றால் மேலே சிம்பலோடு மல்லுக்கட்டு. அந்தச் சண்டையில் கிட்டார் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஒரு கிளீன் கிட்டாரின் சுரங்கள் தெளிவாகக் காதில் விழுகிற இடம் ஏறக்குறைய 400-இலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை. மிட் 3 என்று அந்த இடத்தைத்தான் நீங்களே காலி செய்து கொடுத்திருக்கிறீர்கள், டிஸ்டார்ஷன் வாசிக்கிற நண்பர் பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

அப்படியானால் வீட்டில் ஏன் நன்றாக இருந்தது? நம் காது சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைத்தே கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள். வீட்டில் அம்மா தூங்கும் நேரத்தில் மெதுவாக வாசிக்கும்போது அந்தக் குறையைச் சரிக்கட்ட நாம் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகிறோம். ஜாம் ரூமில் சத்தத்தைக் கூட்டியதும் காது அவற்றை முழுசாகக் கேட்கத் தொடங்கும். ஏற்றி வைத்தது அப்படியே இருக்கும். அடியில் குழம்பும், மேலே குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது.

இதோடு ஆம்பின் சுபாவமும் சேரும். கிளீன் என்றதும் எல்லோரும் சொல்கிற ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் மூன்று நாபையும் 5-இல் வைத்தால் நடுநிலை வந்துவிடாது. அதன் டோன் சர்க்யூட்டிலேயே 400 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓரளவு சமமாக்க வேண்டுமென்றால் மிட்டை 10 வரைக்கும் ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் 2, 3-க்கு இறக்க வேண்டும். பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், கேட்டால் இருக்காது. இன்றைய ட்ரான்சிஸ்டர், டிஜிட்டல் ஆம்ப்களின் கிளீன் சேனல் பல இந்தக் குணத்தைப் பார்த்துச் செய்தவை. ஆகவே நாப் காட்டுகிற எண்ணை நம்பாமல் காதை நம்புங்கள்.

இந்த இசையை உண்டாக்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவிலிருந்து வந்த மினிட்மென் பேண்டின் டி. பூன், டெலிகாஸ்டரை ட்ரெபிள் தூக்கலாக, அடியே இல்லாமல் வாசித்தவர். தனியாகக் கேட்டால் தகரத்தில் தட்டியது போல இருக்கும். ஆனால் கீழே இருக்கிற இடம் முழுக்க அதே பேண்டின் மைக் வாட் என்பவருடைய பேஸ் கிட்டாருக்குக் கிடைத்தது, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடின. "நீங்களே ட்ரெபிளைக் குறை என்றீர்களே" என்று கேட்பீர்கள். அவர்கள் மூன்றே பேர், இன்னொரு கிட்டார் கிடையாது. உங்கள் பேண்டில் இருக்கிறது. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பக்கத்து ஆளுக்கு இடம் விடும் பழக்கத்தை, நாப் எண்களை இல்லை. வாஷிங்டனின் ஃபுகாஸி பேண்டில் இயன் மெக்கேய், கிப்சன் எஸ்ஜி கிட்டாரை நேராக மார்ஷல் ஆம்பில் செருகி, பெடல் எதுவும் இல்லாமல், கிட்டாரின் வால்யூம் நாபைக் குறைத்தே கிளீனுக்குப் போவார். பிறகு 1999-இல் இல்லினாய் மாநிலத்து அர்பானாவிலிருந்து அமெரிக்கன் ஃபுட்பால் என்ற பேண்டின் முதல் ஆல்பம் பாலிவைனல் நிறுவனத்தில் வந்தது. இன்று "மிட்வெஸ்ட் ஈமோ டோன்" என்று நீங்கள் தேடுகிற அந்த மினுமினுப்பு பெரும்பாலும் அதன் நிழல்தான். இரண்டு கிளீன் கிட்டார்கள், ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று.

ஏன் அவர்களுக்குக் கிளீன் தேவைப்பட்டது என்பது இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்த ஆல்பத்தால் பிரபலமான ட்யூனிங், அடி ஸ்ட்ரிங்கிலிருந்து எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ. வழக்கமான ட்யூனிங்கிலிருந்து ஆறாவதை அரை சுரம் ஏற்றி, நான்காவதை ஒரு சுரம் இறக்கி, இரண்டாவதை அரை சுரம் ஏற்றினால் வந்துவிடும். மற்ற மூன்றும் அப்படியே. எஃப்-ஐ ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ஸ, க, ப, ரி, ப, நி. அந்தர காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், காகலி நிஷாதம். விரலே வைக்காமல் கையை இழுத்தால் கல்யாணி, சங்கராபரணம் இரண்டுக்கும் பொதுவான ஐந்து சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுகிற மத்யமம் இல்லாததால் எது என்று தீர்மானிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொங்கல்தான் இந்த இசையின் ஏக்கம் என்பது என் சொந்தக் கருத்து, யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கருத்து இல்லாத பகுதி இது. டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால், அவற்றின் வித்தியாச அலைவரிசையும் புதிதாகப் பிறக்கும். பங்கின் பவர் கார்டில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். 100 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் என்றால் வித்தியாசம் 50, அதாவது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். ஒலி இன்னும் கனமாகும், அதனால்தான் பவர் கார்டு டிஸ்டார்ஷனில் அவ்வளவு அழகு. இப்போது மேலே சொன்ன ட்யூனிங்கின் அடி மூன்று ஸ்ட்ரிங்குகளை எடுங்கள்: 87, 110, 131 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்தவற்றின் வித்தியாசங்கள் 23-உம் 21-உம். எந்தச் சுரத்தோடும் ஒட்டாத வெறும் உறுமல். ரிஷபமும் நிஷாதமும் சேர்ந்தால் இன்னும் பல. இத்தனை சுரம் உள்ள கார்டுக்கு கெயினை, அதாவது ஒலியை உடைய வைக்கிற அளவை, கூட்டினால் சேறுதான். ஆகவே கிளீன் என்பது இங்கே அலங்காரம் கிடையாது, கார்டுகள் கேட்டு வாங்கிய தேவை.

ஆனால் முழுக் கிளீனும் வேண்டாம் என்பேன். ஈமோவுக்கும் பங்குக்கும் ஏற்ற கிளீன், உடைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்பது. மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி அடித்தால் ஓரத்தில் லேசான கரகரப்பு. ட்ரான்சிஸ்டர் ஆம்பில் கிளீன் சேனலின் கெயினை ஏற்றி இதைப் பிடிப்பது கஷ்டம், பல ஆம்ப்கள் அசிங்கமாக உடையும். ஒலி லேசாக உடைகிற க்ரஞ்ச் சேனலைப் போட்டு கெயினை 2-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள். கையில் ஓவர்டிரைவ் பெடல் இருந்தால் டிரைவை ஏறக்குறைய அணைத்து, லெவலைப் பாதிக்கு மேல் வைத்தாலும் வரும். பிறகு கிட்டாரின் வால்யூமை 6-க்கும் 10-க்கும் நடுவில் ஆட்டிப் பழகுங்கள். வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிள் மங்குகிறதா? பல கிட்டார்களில் மங்கும். வால்யூம் நாபுக்கு அடியில் இருக்கிற பாகத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைச் சேர்த்தால் சரியாகும். கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் ட்ரெபிள் ப்ளீட் என்று சொன்னால் போதும்.

பிக்கப் விஷயத்தில் டெலிகாஸ்டர் உங்களுக்கு வரம். ஸ்விட்சை நடுவில் வையுங்கள், இரண்டு பிக்கப்பும் சேர்ந்த அந்த ஒலியில் பிரிட்ஜின் கூர்மையும் நெக்கின் உருண்டையும் பாதிப்பாதி. டோன் நாப் 7 அல்லது 8. பிக்கப் ஸ்ட்ரிங்குக்கு மிக நெருக்கமாக இருந்தால் கிளீன் டோன் முட்டி முட்டி வரும், காந்தம் ஸ்ட்ரிங்கின் அதிர்வையும் அமுக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் 2-இலிருந்து 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நீங்களே செய்யக்கூடிய வேலை.

ஸ்ட்ரிங் பழசாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. டிஸ்டார்ஷன் பழைய ஸ்ட்ரிங்கை மன்னிக்கும், கிளீன் மன்னிக்காது. சென்னை வேர்வையிலும் உப்புக் காற்றிலும் சுற்றுக்கம்பிகள் மூன்று வாரத்திலேயே செத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். மாற்று ட்யூனிங்குக்குப் போவதாக இருந்தால் இன்னொன்று: 10-46 செட்டின் (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) நான்காவது ஸ்ட்ரிங் 26 கனம், அதை ஒரு சுரம் இறக்கினால் தொளதொளத்துவிடும், ஓங்கி அடித்த கணத்தில் சுருதி மேலே துள்ளி இறங்கும். அந்த ஒன்றை மட்டும் 28 அல்லது 30 ஆக மாற்றினால் நிற்கும். பிக்கும் இதில் சேர்த்தி. 0.60 மில்லிமீட்டர் பிக் கார்டு இழுக்க இனிமை, தனித்தனியாக ஸ்ட்ரிங் எடுத்து வாசிக்கையில் வழவழா. 0.88 எனக்குச் சரி, உங்கள் கைக்கு வேறாக இருக்கலாம்.

இனி ஜாம் ரூமில் செய்ய வேண்டியது. ஆம்பை முதலில் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியில் வையுங்கள், அல்லது முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். 12 இன்ச் ஸ்பீக்கரின் உச்ச ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். ஆம்ப் முழங்காலுக்குக் கீழே இருந்தால் உங்கள் காதுக்கு மங்கலாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்வார். அடுத்து கோரஸ், ரிவெர்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூன்று நாபையும் 5-இல் வையுங்கள். உங்கள் பாட்டுகளிலேயே சத்தமான இடத்தைப் பேண்ட் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். நீங்கள் உங்கள் பகுதியை வாசித்துக்கொண்டே நடுநடுவே ஒரு நொடி கையை விட்டு ஒரே ஒரு நாபைத் தொடுங்கள். முதலில் பேஸ்: பேஸ் கிட்டாரின் சுரம் பளிச்சென்று பிரிந்து கேட்கும் வரை இறக்குங்கள், அநேகமாக 3-க்கு வந்து நிற்கும். பிறகு மிட்: 6, 7, 8 என்று ஏற்றுங்கள். ஏதோ ஒரு புள்ளியில் உங்கள் கிட்டார் திரைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து நிற்கும், நீங்களே நிமிர்ந்து பார்ப்பீர்கள். கடைசியில் ட்ரெபிள்: பிக் ஸ்ட்ரிங்கில் உரசும் சத்தம் காதைக் குத்தாத அளவுக்கு இறக்குங்கள். இது எல்லாம் முடிந்தபிறகு பேண்டை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்தால் டோன் மூக்கடைத்தது போல, கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். பதறி மாற்றிவிடாதீர்கள்.

அறையின் மறு மூலையில் ஒரு போனை வைத்து ரெக்கார்ட் செய்து, வீட்டுக்கு வந்து கேளுங்கள். போன் மைக் அடி ஒலியைச் சரியாகப் பிடிக்காது, ஆனால் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி. அப்போதும் காணவில்லை என்றால் பிரச்சினை உங்கள் பக்கம் இல்லாமலும் இருக்கலாம். டிஸ்டார்ஷன் நண்பர் கெயினைப் பாதியாகக் குறைத்தால் அவருடைய கார்டும் தெளிவாகும், உங்களுக்கும் வழி கிடைக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு 18 வருஷ அனுபவமும் உதவியதில்லை. டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

ஆம்பை மாற்ற வேண்டாம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். கம்ப்ரஸர் பிறகு வாங்கலாம், அவசரமில்லை. வாங்கினால் பிக் விழும் முதல் துளிச் சத்தம் தப்பி வெளியே வரும்படி அட்டாக்கை, அதாவது அது அமுக்கத் தொடங்கும் வேகத்தை, மெதுவாக வையுங்கள், விகிதம் 3 அல்லது 4-க்கு 1. அதற்கு மேல் போனால் உயிர் போய்விடும். எதிரொலி தருகிற டிலே பெடல் வைத்தால் பாட்டின் வேகத்தோடு கட்டுங்கள். 60,000-ஐ, நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்கிற எண்ணால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும், 140 தாளத்துக்கு 429. சத்தம் குறைவாக, ஒன்றிரண்டு எதிரொலி. ரிவெர்ப் 2, 3-ஐத் தாண்ட வேண்டாம், ஜாம் ரூமின் நான்கு சுவரும் ஏற்கெனவே இலவசமாகத் தருகின்றன.

ரெக்கார்டிங்கில் இந்தக் கணக்கு மாறும், இங்கே நான் சொல்வது பழக்கத்தில் கண்டது மட்டும். கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸில் நேராகச் செருகினால், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்கிற கேபினெட் சிமுலேஷன் கட்டாயம் போடுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும், அந்தத் தணிவு இல்லாத கிளீன் டோன் கொசு மாதிரி இருக்கும். ஒரே டேக்கைக் காப்பி செய்து இடம் வலம் போடாதீர்கள், நடுவில் ஒற்றைக் கிட்டாராகத்தான் கேட்கும். இரண்டு முறை வாசியுங்கள். இரண்டு டேக்குக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சின்னப் பிசகுதான் அகலத்தைக் கொடுக்கிறது.

கோரஸை விற்க வேண்டாம். ரோலண்ட் 1975-இல் கொண்டுவந்த ஜேசி-120 ஆம்பில் இரண்டு ஸ்பீக்கர், ஒன்றில் சுத்தமான ஒலி, இன்னொன்றில் சுருதி அசைகிற ஒலி. இரண்டும் அறைக் காற்றில்தான் கலக்கும், அதனால் சுரத்தின் கூர்மை மங்காது. ஒற்றை ஸ்பீக்கர் ஆம்புக்கு முன்னால் பெடலாக வைக்கும்போது கலப்பு உள்ளேயே நடந்துவிடுகிறது, சுரத்தின் விளிம்பு கரைகிறது, கூட்டத்தில் முதலில் மறைவது அந்த விளிம்பில்லாத ஒலிதான். ஆகவே நீங்கள் தனியாக வாசிக்கிற இன்ட்ரோவின் எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) அதை மிதியுங்கள். ட்ரம்ஸ் உள்ளே வருகிற அடியில் அணைத்துவிடுங்கள்.